பழியெல்லாம் வெயிலுக்கு

தில்லியில் மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் யாரும் காரணம் தேடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸின் சர்வீஸ் கடைக்காரர், எங்கள் கட்டடச் சங்கத்துச் செயலாளர், நொய்டா ஆபீஸில் என் பக்கத்து இருக்கை இன்ஜினியர், எல்லோருக்கும் ஒரே பதில்தான்: 'கர்மி', அதாவது சூடு. வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது இதை யாரும் மறுத்துப் பேசவும் முடியாது. சொன்னவருக்கு வேலை முடிந்தது, கேட்டவருக்கும் சமாதானம். எனக்கு மட்டும் அந்தச் சமாதானம் வருவதில்லை. நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு கோளாறு எப்போது வரும் என்று சொல்லத் தெரியாதவர் அது ஏன் வருகிறது என்று அடித்துப் பேசினால் எங்கள் பிரிவில் எடுபடாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் கீழ்வீட்டு மாமாவின் கம்ப்யூட்டர் ஒரு கோடையில் ஆரம்பித்து அடுத்த குளிர்காலம் வரை என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மாமா மத்திய அரசின் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்தின் பராமரிப்புக் கணக்கு முழுக்க அவர் கையில். எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, தண்ணீர் மோட்டாருக்கு என்ன செலவு, லிஃப்ட் ஒப்பந்தம் எப்போது முடிகிறது எல்லாம் எக்செல்லில் இருக்கும். அதற்காக அவர் வைத்திருப்பது 2016இல் நேரு பிளேஸில் அசெம்பிள் செய்த ஒரு டெஸ்க்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், பிற்பாடு சேர்த்த ஒரு எஸ்எஸ்டி. சுவர் மின்சாரத்தை வாங்கி உள்பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. அதன் மேல் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் ப்ராசசருக்குப் பேரம் பேசுவார்கள், ராமுக்குப் பேரம் பேசுவார்கள். மின்சாரம் கொடுக்கும் பெட்டி எது என்று கேட்பவர் குறைவு.

2024 மே கடைசியில் அது மதிய வேளைகளில் பொசுக்கென்று போக ஆரம்பித்தது. விண்டோஸ் முடங்கும்போது காட்டும் நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுக்கும், அடுத்த கணம் தானே மறுபடி எழுந்து விண்டோஸ் சின்னத்தைக் காட்டும். சேமிக்காத கணக்கு போயிருக்கும். மே 29 அன்று முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் 52.9 டிகிரி என்று தொலைக்காட்சியில் ஓடியபோது மாமாவுக்கு விசாரணை முடிந்துவிட்டது. "மனுஷாளாலேயே தாங்க முடியலை, மெஷின் என்னம்மா பண்ணும்?" என்றார். அந்த 52.9 பின்னால் என்ன ஆனது என்று தில்லிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வானிலைத் துறை ஆய்வு செய்துவிட்டு, அங்கிருந்த தானியங்கிக் கருவியின் சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று சொன்னது. வெயிலும் உண்மை, கருவியின் கோளாறும் உண்மை. ஆனால் அன்று தலைப்புச் செய்தி ஆனது கோளாறுதான். மாமாவிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். "மூணு குறைச்சாலும் அம்பதுக்குப் பக்கம்தானே" என்றார். தணிக்கைக்காரரிடம் போய் நான் கழித்தல் கணக்குப் பேசியிருக்கிறேன்.

சூட்டின் நடத்தை

சூட்டால் கம்ப்யூட்டர் நிற்காது என்று சொல்ல வரவில்லை. நிற்கும். ஆனால் அது நிற்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ப்ராசசருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் உண்டு. இன்டெல்லின் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றுக்கும் எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றாடி கத்தும், வீடியோ திக்கும், மவுஸ் இழுபடும். அப்படியும் இறங்காமல் சூடு இன்னும் மேலே போனால்தான் கடைசிப் பாதுகாப்பாக மொத்தமாக அணைந்துபோகும். அப்போதுகூடப் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், உடனே எழுந்து நிற்காது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசர்களின் மேலிருந்து, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றிப் படம்பிடித்துக் காட்டியது. ஏஎம்டியின் அன்றைய அத்லான் புகைந்து கருகியது. இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஓடியது. இன்று எந்த நிறுவனத்தின் ப்ராசசரும் அப்படிச் சத்தமில்லாமல் கருகுவதில்லை.

குருகிராமில் இருக்கும் என் தோழி ஒருத்தியின் லேப்டாப் நிஜமாகவே சூட்டால் நின்றது. மெத்தை மேல் வைத்துக்கொண்டு வீடியோ எடிட் செய்வாள். வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் மந்தமாகும், அடிப்பக்கம் கை வைக்க முடியாது, பிறகு அணையும். ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி அதே வேலையைக் கொடுத்தால் அதே மாதிரி அணையும். வரவழைத்துக் காட்டு என்றால் வரவழைத்துக் காட்ட முடிந்தது. திறந்து பார்த்தால் காற்று வெளியேறும் வழியில் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. சுத்தம் செய்து, ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றியதும் விஷயம் முடிந்தது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சம் இல்லை.

மாமாவின் பெட்டி இப்படி எதையும் செய்யவில்லை. மந்தமாகவே இல்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வெப்பத்தையும் வோல்டேஜையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை கோப்பில் பதியும்படி வைத்தேன். அடுத்த முறை போனபோது அந்தக் கோப்பின் கடைசி வரியில் ப்ராசசர் 64 டிகிரியில் இருந்தது. எல்லைக்கும் அதற்கும் வெகு தூரம். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருந்தது. இணையத்தில் தேடினால் அதை ஒரு வியாதியின் பெயராகவே நினைத்துப் பலர் மருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: போன முறை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை. எழுந்த பிறகுதான் விண்டோஸே அதை எழுதிவைக்கிறது. அந்தப் பதிவைத் திறந்து உள்ளே பார்த்தால் 'பக்செக் கோட்' என்று ஒரு எண் இருக்கும். நீலத் திரை வந்திருந்தால் அந்த எண்ணில் பெரும்பாலும் தடயம் கிடைக்கும். மாமாவின் பெட்டியில் அது ஒவ்வொரு முறையும் பூஜ்யம். பிழை என்று ஒன்றை உணர்வதற்குக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. யாரோ ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். யார் என்பதுதான் தெரியவில்லை.

நேரு பிளேஸில்

அதற்குள் மாமா பொறுமையிழந்து பெட்டியை ஆட்டோவில் வைத்து நேரு பிளேஸுக்குக் கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் திறந்ததும் உள்ளே இருந்த தூசியைக் காட்டியிருக்கிறார். தில்லித் தூசி தனி ரகம். ஆந்தி என்னும் புழுதிப்புயல் அடித்து ஓய்ந்தால் மூடிய ஜன்னலுக்கு உள்ளேயும் விரல் நுனியில் மாவு ஒட்டும். அதோடு மாமா வீட்டில் கூலர் வேறு. கூலரின் ஈரக்காற்று அந்தத் தூசியை நனைத்து ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிய வைத்திருந்தது. ப்ளோயரால் ஊதினார்கள், பேஸ்ட் மாற்றினார்கள், பின்பக்கம் ஒரு காற்றாடி கூடுதலாகப் போட்டார்கள். செய்ய வேண்டிய வேலைதான், குறை சொல்ல மாட்டேன். (வீட்டில் ப்ளோயரால் ஊதுபவர்களுக்கு ஒன்று: காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். அதைத் தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் போகும்.) கடையில் நாள் முழுக்க ஓடியது. வீட்டுக்கு வந்து மறுநாள் மதியமே போனது.

மறுபடி கடை. இந்த முறை ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் போட்டுத் தந்தார்கள். இந்தியா முழுக்க நடக்கும் வைத்தியம் இது. பாதி நேரம் பலிக்கவும் செய்யும், தேய்த்ததால் பலித்ததா, கழற்றி மாட்டியதால் பலித்ததா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டில் மறுபடியும் போனது. மூன்றாவது தீர்ப்பு மதர்போர்டு. "சாப், போர்டு ஹீட் ஆகிறது, புதுசு போட்டுவிடுங்கள்." 2016 போர்டு இப்போது புதிதாகக் கிடைக்காது என்றார்கள். அதனால் போர்டு, ப்ராசசர், ராம் மூன்றும் மாற்ற வேண்டும். மாமா விலையைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு இதில் உறுத்தியது ஒன்றுதான். கடையில் ஏன் போகவில்லை? மாமா, "அங்கே ஏசி இருக்கே" என்றார். இருக்கிறது. ஆனால் கடையில் ஏசி மட்டுமா இருக்கிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு சோதனை செய்தேன். பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ராம் கெட்டிருந்தால் கோளாறு வேறு மாதிரி தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் நீலத் திரை வரும், நல்ல ஜிப் கோப்பு திறக்காது, பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். மாமாவுக்கு அதெல்லாம் இல்லை என்று தெரிந்தும், வாயால் விலக்குவதைவிட சோதித்து விலக்குவது மேல் என்று ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம். ராத்திரி முழுக்கப் பெட்டி ஒரு முறைகூட அணையவும் இல்லை. ஜூன் ராத்திரி தில்லியில் அப்படி ஒன்றும் குளிர்ச்சி கிடையாது. வெயில் இல்லை, புழுக்கம் அப்படியேதான் இருந்தது.

அந்த நாட்களில் கூகுள் வெளியிட்ட இரண்டு பழைய ஆய்வுகளைத் தேடி எடுத்துப் படித்தேன். 2007இல் வந்த ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்தது. மிக அதிக வெப்பத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சூடான டிஸ்க்குகள்தான் அதிகம் பழுதாகும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. குளிர்ந்த பக்கத்தில்தான் பழுது கூடுதலாக இருந்தது. 2009இல் வந்தது ராம் பிழைகளைப் பற்றியது. சர்வர் எவ்வளவு வேலை செய்கிறது என்பது போன்ற மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்தால், வெப்பத்தின் பங்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது என்று அதில் இருந்தது. அவர்களுடைய சர்வர் அறையும் மாமாவின் வராந்தாவும் ஒன்றில்லை, சரி. ஆனால் அந்த இரண்டாவது விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சூடு கூடும்போது கூடவே வேறொன்றும் கூடுகிறது என்றால், நாம் பழிபோடுவது எதன் மேல்?

மாமி கவனித்தது

மாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. சமையலறையில் இருந்தபடியே ஒருநாள் சொன்னார்: "அது போறதுக்கு முன்னாடி ஃபேன் ஒரு தடவை தயங்கறது, நீங்க கவனிக்கலையா?" நாங்கள் கவனிக்கவில்லை. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது சீலிங் ஃபேன். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் ஃபேன் சத்தம் லேசாக மாறும். டியூப்லைட் ஒரு தடவை சிமிட்டும். பகலில் டியூப்லைட் போடுவதில்லை, அதனால் மாறியது யாருக்கும் தெரியவில்லை. கடையில் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தடையில்லாமல் மின்சாரம் கொடுக்கும் பெரிய யுபிஎஸ் இருக்கிறது. மெம்டெஸ்ட் ஓடிய ராத்திரி கரண்ட் போகவே இல்லை.

இப்போது அந்தக் கோடையின் இன்னொரு எண்ணைச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை காணாத உச்சம். வெயில் ஏறினால் ஒவ்வொரு வீட்டு ஏசியும் ஓடும், எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும், மதியம் டிரிப் ஆகும், இன்வெர்ட்டர் மாறி மாறி உள்ளே வரும். ஆக, வெயில் உச்சியில் பெட்டி போகிறது என்று மாமா சொன்னது சரியான தகவல். அதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் எனக்குத் தகராறு.

ஆனால் மாமா விடுவதாக இல்லை. "இதே இன்வெர்ட்டர் நாலஞ்சு வருஷமா இருக்கு. போன வருஷமும் கரண்ட் போச்சு. அப்போ ஏன் நிக்கலை?" நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு வரவழைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் போயிடும்" என்று மாமி சொல்லிவிட்டார், அதோடு அது நின்றது. ஜூலையில் மழை பிடித்தது. ஏசிகள் கொஞ்சம் ஓய்ந்தன, பெட்டி போவதும் குறைந்தது. அக்டோபரில் அறவே இல்லை. "பாத்தியா, சூடு குறைஞ்சதும் சரியாயிடுத்து" என்றார் மாமா. சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் இப்படி 'தானாகச் சரியாகிவிட்டது' என்று மூடிய மென்பொருள் கோளாறுகளுக்கென்று ஒரு தனிப் பட்டியலே வைத்திருக்கிறோம். பெரும்பாலும் திரும்பி வரும்.

ஜனவரி

ஜனவரியில் ஒரு காலை. வெளியே பனிமூட்டம், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. மாமி கூப்பிட்டார்: மாமாவின் பெட்டி எழவே மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தேன். பட்டனை அமுக்கினால் முன்விளக்கு ஒரு தடவை மின்னும், காற்றாடி பாதிச் சுற்று சுற்றும், அவ்வளவுதான். மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை. ப்ளக்கைக் கழற்றிப் போட்டாலும் அதே கதை. மாமா குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். "குளிரும் ஒத்துக்கலை போலிருக்கு" என்றார், வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

எழாத பெட்டிக்கு முன்னால் வேறென்ன செய்வது, காபி குடித்தோம். மாமாவுக்குக் கால் விறைக்கிறது என்று மாமி ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில், கேபினெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பேச்சு ஊர்ப்பக்கம் போய், மலை மந்திர் தைப்பூசம் பக்கம் போய் வந்தது. எதற்கும் பார்க்கலாம் என்று மாமா பட்டனை அமுக்கினார். முழு உயிரோடு எழுந்தது. அன்று மாலை வரை எந்தத் தொல்லையும் இல்லை. மறுநாள் காலை மறுபடி செத்துக் கிடந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. இதை வரவழைத்துக் காட்ட முடியும். அடுத்த காலை ஹீட்டரை வேறு அறையில் வைக்கச் சொன்னேன். மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒத்துழைத்தார். பெட்டி எழவில்லை. காத்திருந்து பார்த்தும் எழவில்லை. வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துவந்து, கேபினெட்டின் மற்ற பாகங்களை விட்டுவிட்டு, பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸின் சல்லடையில் மட்டும் சூடான காற்றை விட்டேன். மாமி சிரித்தார். பட்டனை அமுக்கினேன், எழுந்தது. அதற்கடுத்த காலையும் அப்படியே. வெயிலில் சாகிறது என்று ஊரெல்லாம் சொன்ன பெட்டிக்கு நான் தலை உலர்த்தும் கருவியால் சூடு கொடுத்து எழுப்பிக்கொண்டிருந்தேன்.

மாமா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ப்ளக்கைப் பிடுங்கினது அதுதானா?" என்று கேட்டார்.

அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு, உள்ளே திரவம் நனைத்த காகிதச் சுருள் இருக்கும் சிறு டப்பாக்கள். வருஷங்கள் போகப் போக அந்தத் திரவம் வற்றும். வற்றிய கெப்பாசிட்டருக்குள் மின்தடை ஏறும், குளிரில் அது இன்னும் ஏறும். அதனால் பெட்டியைத் தொடக்கிவிடும் சின்னக் கெப்பாசிட்டர் காலைக் குளிரில் தன் வேலையைச் செய்யாது, சூடுபட்டால் செய்யும். இந்தச் சின்னது ஓய்வே இல்லாதது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பகுதி 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாமா சுவரில் அணைப்பதே இல்லை.

கோடையில் கைவிட்டது அதன் பெரிய அண்ணன், உள்ளே வரும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர். அது மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. கீழே சப்ளை நின்றாலும் தொட்டியில் இருப்பது தீரும் வரை குழாயில் தண்ணீர் வரும். ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் முழுப் பளுவில் சுமார் 16, 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது தர அளவு. பளு குறைவென்றால் இன்னும் கூடவே தாங்கும். நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் பொதுவாக 15 மில்லி விநாடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் அது 30, 40 வரைகூடப் போகும். மாமா வீட்டில் நார்மல். 2016இன் தொட்டி நிரம்பியிருந்தவரை எக்செல்லின் சின்னப் பளுவுக்கு அந்த 40 ஒரு பொருட்டே இல்லை. திரவம் வற்றித் தொட்டி சுருங்கியதும் தாங்கவில்லை. போன வருஷம் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. மலிவான எஸ்எம்பிஎஸ்களில், 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் தேங்குவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். மே மாத மதியங்களில் கரண்ட் போவதற்கு முன்னால் எங்கள் தெருவில் வோல்டேஜ் அப்படித்தான் இறங்கும்.

மல்டிமீட்டரால் அளந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்ட் கம்பியில் 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி, அதாவது 11.4இலிருந்து 12.6 வரை. மாமாவின் பெட்டி ஓடும்போது 12.1 காட்டியது, அழகான எண். அந்தச் சில மில்லி விநாடிப் பள்ளத்தை அந்த மீட்டர் பார்க்காது. கடைக்காரரும் அதைத்தான் அளந்து 'எஸ்எம்பிஎஸ் ஓகே' என்று எழுதியிருந்தார்.

என் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி மாமாவுடையதில் மாட்டினோம். குளிர்ந்த காலையில் முதல் அமுக்கலிலேயே எழுந்தது. மாமியிடம் கெஞ்சி, ஃப்ரிட்ஜின் ப்ளக்கை எடுத்துவிட்டு, மெயினை அணைத்தேன். ஃபேன் தயங்கியது, பெட்டி அசையவில்லை. பழையதை மாட்டி, எக்செல்லில் கனமான ஒரு கோப்பைக் கணக்குப் போட வைத்து, மெயினை அணைத்தேன். போனது. ஜனவரிக் குளிரில், மே மாதத்தில் போன அதே மாதிரி.

பழையதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், ப்ளக்கை எடுத்த பிறகும். அதனால் இதை வீட்டில் செய்யாதீர்கள் என்று மாமாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் சார்ஜை இறக்கித் திறந்து காட்டினார். சின்ன டப்பாக்களில் இரண்டின் தலை உப்பி, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. பெரியதைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வற்றியவை எல்லாம் உப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெயிலை முழுக்க விடுதலை செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. ஏசி அறையில் பத்து வருஷம் போயிருக்கக் கூடியது மாமாவின் வராந்தாவில், தூசி அடைத்த காற்றாடிக்குப் பின்னால், எட்டு கோடைகளில் வற்றிப்போனது. கடைக்காரர் 'கர்மி' என்றது அந்த அர்த்தத்தில் பொய் இல்லை. ஆனால் அவர் விற்கப் பார்த்தது மதர்போர்டு.

நேரு பிளேஸிலிருந்து ஓரளவு நல்ல ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டோம். மதர்போர்டுக்குச் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. மாமா பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். இன்வெர்ட்டர் சுவிட்சையும் யுபிஎஸ் பக்கம் தள்ளினேன், அது மே வரை நன்றாகவே இருந்தது. மே வந்ததும் மாமியிடமிருந்து புகார். யுபிஎஸ் பக்கத்தில் இருந்தால் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும் போதெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவுகிறது. தாவித் தாவிப் பேட்டரி தீர்ந்து ராத்திரி கரண்ட் போகும்போது ஃபேனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கம்ப்யூட்டர் முக்கியமா தூக்கம் முக்கியமா என்று கேட்டார். சுவிட்சை மறுபடி நார்மலுக்கே தள்ளிவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம். மாமா கூலரை இன்னமும் கேபினெட்டைப் பார்த்துத்தான் திருப்பி வைத்திருக்கிறார்.